அடியில் பெயர் இல்லாத பேனர்கள்: விதி போட்டவர்களுக்கு விதி உண்டா?

வாசகர் கேள்வி: 16 பிப்ரவரி 2025, ஞாயிறு

நேற்று மதியம் அவிநாசி சாலையில் ஹெல்மெட் இல்லாமல் வந்ததற்காக என்னிடம் 1000 ரூபாய் அபராதம் வாங்கினார்கள். தவறு என்னுடையது, கட்டிவிட்டேன். ஆனால் ரசீது கொடுத்த காவலர் வெயிலுக்கு ஒதுங்கி நின்ற நிழல், ஒரு கட்சிப் பிரமுகரின் பிறந்தநாள் பேனருடையது. நடைபாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்ற அதில் அனுமதி எண் எதுவும் இல்லை. விதி போடுகிறவர்களே அதை மீறினால் ரசீது யார் பெயரில் போடுவது? இவற்றை அச்சடிக்கிறவர்கள் யாராவது பதில் சொல்வீர்களா?

16 பிப்ரவரி 2025, இரவு

நான் அச்சடிக்கிறவன். சோமனூர்ப் பக்கம் பதினேழு ஆண்டுகளாகப் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு சுவரெழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்த பேனர் என் கடையில் அடித்ததல்ல. ஆனால் அது எந்த வழியாக அங்கே வந்து நின்றது என்பதைப் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன்.

விதிப்படி, பேனர் வைக்கிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அனுமதி பெற வேண்டும். அனுமதி எண்ணும் அது செல்லுபடியாகும் நாள்களும் பேனரின் அடியில் தெரிய வேண்டும். நடைமுறையில் இரவு ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் நான்கு புகைப்படங்கள் வரும். எந்தத் தலைவர் படம் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மிகத் துல்லியமாகச் சொல்வார்கள். மாவட்டத்தின் முகம் ஒன்றியத்தின் முகத்தைவிட ஒரு விரற்கடை சிறிதாகிவிட்டால் விடிந்ததும் கடை வாசலில் சண்டை. அதன் பிறகு ஒரு குரல் பதிவு வரும்: "அண்ணா, காலைல அஞ்சு மணிக்குள்ள கட்டி நிக்கோணுங்க. அடியில கடைப் பேரு மட்டும் போட்டுறாதீங்க." பத்தடி உயரத்துக்கு முகம் இருக்கும், வைத்தவர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

2019க்குப் பிறகு அரசியல் பேனர் அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

17 பிப்ரவரி 2025

2019 என்று ஏன் சொன்னேன் என்பதை எழுத வேண்டும்.

2017 அக்டோபரில், உயிரோடு இருப்பவர்களின் படத்தைப் பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைக்காரர்கள் நாங்கள் அன்று சிரித்தோம். இனிமேல் சட்டப்படி அடிக்கக்கூடியது கண்ணீர் அஞ்சலி மட்டும்தான் என்று ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொண்டோம். சரியாக ஒரு மாதம் கழித்துக் கோவை அவிநாசி சாலையில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையை மறித்துக் கட்டியிருந்த அலங்கார வளைவு ஓர் இளைஞரின் உயிரைக் குடித்தது. வெளிநாட்டு வேலையிலிருந்து பெண் பார்ப்பதற்காக ஊருக்கு வந்திருந்த பொறியாளர் அவர். அவரைக் கொன்றது யார் என்று தார்ச்சாலையிலேயே யாரோ வண்ணத்தில் எழுதி வைத்தார்கள். சுவரெழுத்துக்காரனாக இருந்தவன் என்பதால் எனக்கு அந்த எழுத்து இன்னும் கண்ணில் நிற்கிறது. அடியில் பெயர் போடாமல் எழுதிய எழுத்துதான் அதுவும். ஆனால் யாரைப் பார்த்துக் கேட்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

2018 டிசம்பரில் மாநிலம் முழுவதும் பேனர்களுக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்ணின் மேல் விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சாலைகளுக்கு வண்ணம் பூச இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று நீதிபதிகள் கேட்டார்கள். கட்சித் தலைவர்கள் வரிசையாக அறிக்கை விட்டார்கள்: இனி எங்கள் தொண்டர்கள் பேனர் வைக்க மாட்டார்கள். அந்த மாதம் என் கடையில் அரசியல் ஆர்டர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் நிறுத்தியதால்தான் நானும் நிறுத்தினேன் என்பதே நேர்மையான வாக்கியமாக இருக்கும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரம் வந்தபோது வரவேற்பு பேனர் வைக்க அனுமதி கேட்டு அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தடை கட்சிகளுக்குத்தான், அரசுக்கு அனுமதி தேவையில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எங்கள் கடைத்தெருவில் அது வேறு மாதிரி புரிந்துகொள்ளப்பட்டது: "சீசன் மறுபடி தொறந்துருச்சுங்க."

நவம்பர் 11. மீண்டும் கோவை, மீண்டும் அவிநாசி சாலை. ஆளுங்கட்சியின் கொடிக்கம்பம் சாய்ந்து, ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் தடுமாறி விழுந்து, லாரி ஏறி ஒரு காலை இழந்தார். அறிக்கைகள் வந்து இரண்டே மாதம்.

17 பிப்ரவரி 2025, சற்றுப் பின்

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆட்சி மாறிய பிறகு, 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில் புதிய ஆளுங்கட்சியின் கொடிக்கம்பம் நடும் வேலையில் 13 வயதுச் சிறுவன் மின்சாரம் பாய்ந்து இறந்தான். அதுவும் ஒரு திருமணத்துக்குத்தான். கட்சிக் கரை வேட்டியின் நிறம் மாறினாலும் என்னிடம் வரும் அளவுகள் மாறுவதில்லை: 10-க்கு 8, 20-க்கு 10.

20 பிப்ரவரி 2025

கருமத்தம்பட்டி விபத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்து ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. 2023 ஜூன் 1 அன்று அங்கே சரிந்து மூன்று தொழிலாளர்களைக் கொன்றது வணிக விளம்பரத்துக்கான ராட்சத இரும்புச் சட்டகம். கட்சிப் பேனர் அல்ல. எனக்குப் பக்கத்து ஊர் என்பதால் அன்று மாலை போய்ப் பார்த்தேன். காற்றும் மழையுமாக இருந்தது. இறந்தவர்கள் என் கடைப் பையன்களைப் போலக் கூலிக்கு ஏறியவர்கள்.

ஆனால் அந்த விபத்துக்குப் பிறகு நடந்தது இந்தப் பேச்சுக்குத் தொடர்புடையது. அனுமதியில்லாத விளம்பரப் பலகைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்தது. முன்பு இருந்தது ஓராண்டும் 5,000 ரூபாயும். நான் அந்தச் செய்தியை வெட்டிக் கடையில் ஒட்டி வைத்தேன். அடுத்த வாரம் பேனர் கேட்டு வந்த ஒரு கட்சிக்காரர் அதை நின்று படித்துவிட்டு, "நல்லதுங்க, இனி கண்டவனெல்லாம் வைக்க மாட்டான், நம்ம பேனர் தனியாத் தெரியும்" என்றார். அவர் கேலி பேசவில்லை, உண்மையிலேயே மகிழ்ந்தார். விதி கடுமையாவது தனக்கு இடைஞ்சல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போட்டியைக் குறைக்க வந்த உதவியாகத்தான் தோன்றியது.

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

இதெல்லாம் நம் ஊரில் மட்டும்தான் என்று எழுதிய நண்பருக்கு. இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா மகனிடம் நேற்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "அங்க மட்டும் என்ன மாமா" என்று தொடங்கி ஒரு மணி நேரம் சொன்னான்.

கொரோனா காலத்தில் வேறு வீட்டாரோடு கூடக்கூடாது என்று தொலைக்காட்சியில் சொன்ன பிரதமர் போரிஸ் ஜான்சனின் அலுவலகத்திலேயே விருந்துகள் நடந்தன. இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்குக்கு முந்தைய இரவுகூட, 2021 ஏப்ரல் 16 அன்று, அங்கே கொண்டாட்டம். மறுநாள் அரசி எலிசபெத் கணவரின் சடங்கில், விதியை மதித்துத் தனியாக முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். எல்லா வழிகாட்டுதல்களும் பின்பற்றப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் சொன்ன ஜான்சனுக்குக் காவல்துறை 2022 ஏப்ரலில் அபராதம் விதித்தது. அவரது அலுவலக வட்டாரத்தில் 83 பேருக்கு மொத்தம் 126 அபராதங்கள். அவருக்கு வந்தது ஒன்றே ஒன்று, 50 பவுண்டு. அதுவும் அவருடைய பிறந்தநாள் கூட்டத்துக்காக. பிறந்தநாள் என்றதும் எனக்கு நம் பேனர்கள் நினைவுக்கு வந்தன. நார்வேயில் பிரதமர் எர்னா சோல்பர்க் தம் பிறந்தநாளுக்குக் குடும்பத்தினர் 13 பேரைக் கூட்டி விருந்து ஏற்பாடு செய்ததற்கு 20,000 குரோனர் கட்டினார். பிறகு ரிஷி சுனக், பிரதமராக இருக்கும்போதே, ஓடும் காரில் சீட் பெல்ட் போடாமல் காணொளி எடுத்து 2023 ஜனவரியில் அபராதம் வாங்கினார். ஹெல்மெட்டுக்கு 1000 ரூபாய் கட்டிய நம் வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்.

அக்கா மகனுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை; 50 பவுண்டு ஒரு அபராதமா என்கிறான். எனக்கோ தொகை பெரிதாகத் தெரியவில்லை. ஒரு காவலர் உட்கார்ந்து அந்தச் சீட்டில் பிரதமரின் பெயரை எழுதியிருக்கிறார். நான் இத்தனை ஆண்டுகளாக எந்தப் பேனரின் அடியிலும் எழுத முடியாமல் போனது அதைத்தான்.

24 பிப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன்; எழுத மனம் வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

2020 ஜூனில் என் அப்பா இறந்தார். கொரோனாவில் அல்ல, வயதில். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது. எங்கள் பக்கம் ஒரு கேதம் என்றால் பங்காளிகள் மட்டுமே இருபது வீடு. மாமன் மச்சான் முறை தனி. வாசலில் உட்கார்ந்து தாளில் பெயர் எழுதி, அடித்து, மறுபடி எழுதினோம். அப்பாவோடு அறுபது ஆண்டு ஒரே தறிக்குடோனில் நின்ற நண்பரை "நீங்க வர வேண்டாங்க மாமா" என்று நானே போனில் சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு, ஊர் எல்லையில் சைக்கிளோடு நின்று வண்டி போவதைப் பார்த்தார். நான் வண்டிக்குள் இருந்தேன்; நிறுத்தவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தேர்தல் பிரச்சாரம் தொடங்கியது. முகக்கவசம் இல்லையென்றால் 200 ரூபாய் அபராதம் அப்போதும் இருந்தது. எங்கள் ஊர் நால்ரோட்டில் வண்டிகளில் கொண்டுவந்து இறக்கிய கூட்டத்தில் ஒருவர் மூச்சு அடுத்தவர் பிடரியில் பட்டது. மேடையில் இருந்தவர்கள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டியிருந்தார்கள், புகைப்படத்துக்கு முகம் தெரிய வேண்டுமே. மே மாதக் கடைசியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. அந்தக் கூட்டத்தால்தான் பரவியது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் படிப்பு எனக்கில்லை. அந்த நண்பர் மாமாவைச் சந்தையில் பார்க்கும்போது இன்றும் நான்தான் முதலில் முகத்தைத் திருப்புகிறேன். அதை மட்டும் சொல்கிறேன்.

2 மார்ச் 2025, ஞாயிறு

திருத்தம். என் மனைவி இதையெல்லாம் படித்துவிட்டு, கடைக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். கணக்கு எழுதுவது அவள்தான்.

2019க்குப் பிறகு அரசியல் பேனர் அடிக்கவில்லை என்று முதல் நாள் எழுதியது பொய். 2021 ஜனவரியிலிருந்து மார்ச் வரை நோட்டில் இருக்கிறது, கட்சியின் பெயரில்லாமல், "நால்ரோடு அண்ணன்", "பச்சைக் கார்" என்ற குறிப்புகளோடு. பொதுமுடக்கத்தில் எட்டு மாதம் மெஷின் ஓடவில்லை. மாதத் தவணை நின்றிருந்தது. வந்த ஆர்டரை எடுத்தேன். மேலே சொன்னேனே, நால்ரோட்டுக் கூட்டம், அதற்கு வைத்த ஆறு பேனரில் இரண்டு என்னுடையவை. எழுதும்போது இது எனக்கு மறந்துபோயிருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை, அவளும் நம்பவில்லை.

2 மார்ச் 2025, இரவு

"அப்படியானால் உங்களுக்குக் கேள்வி கேட்க என்ன உரிமை?" இதைத்தான் எதிர்பார்த்தேன். பதிலை யோசித்து எழுதுகிறேன்.

9 மார்ச் 2025, ஞாயிறு

யோசித்தேன். என்னிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் இந்தக் கேள்வி எப்போதும் கீழிருந்து தொடங்கிக் கீழேயே முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஒருமுறை உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து இருவர் கடைக்கு வந்தார்கள். சாலைத் தடுப்பில் அனுமதியில்லாத ஒரு பேனரைக் கழற்றியிருந்தார்கள். அதை அடித்தது நான்தான் என்று அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கடைக்குச் சீல் வைப்போம் என்றார்கள். சட்டத்தில் இடமிருந்தால் வையுங்கள் என்று நானும் சொன்னேன். பிறகு அந்தப் பேனரில் இருந்த மூன்று முகங்களில் யாருக்காவது நோட்டீஸ் போயிருக்கிறதா என்று கேட்டேன். மூத்தவர் சற்றும் தயங்காமல், "அவங்களுக்குத் தெரியாதுங்க, தொண்டருங்க ஆர்வத்துல வெச்சது" என்றார். எந்தத் தொண்டர் என்று கேட்டேன். "பேர் போடலையே." கட்டிய பையன்களைப் பற்றி விசாரித்தார்கள்; அவர்களில் ஒருவனுடைய சரக்கு ஆட்டோவை இரண்டு நாள் பிடித்து வைத்தார்கள். அச்சடித்தவனுக்கு மிரட்டல், கட்டியவனுக்கு வண்டி போச்சு, முகத்துக்கு எதுவும் தெரியாது.

தன் முகம் பத்தடி உயரத்தில் தன் வீட்டுத் தெருவிலேயே நிற்பது ஒருவருக்குத் தெரியாமல் போகும் என்பதை அலுவலகக் கோப்பில் எழுதி, அதை மேலதிகாரியும் ஏற்றுக் கையெழுத்திடுகிறார் என்றால், மக்களுக்கு வரும் எரிச்சல் அந்தப் பேனரைப் பார்த்து வருவது அல்ல. பொய் என்று இரு தரப்புக்கும் தெரிந்த ஒன்றை மரியாதையோடு பரிமாறிக்கொள்கிறார்களே, அதைப் பார்த்து வருவது.

16 மார்ச் 2025

கொடிக்கம்பங்கள் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பொது இடங்களில் உள்ள கட்சி, சாதி, மத அமைப்புகளின் கொடிக்கம்பங்களைப் பன்னிரண்டு வாரத்தில் அகற்ற வேண்டும் என்று ஜனவரி 27 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எங்கள் நால்ரோட்டில் ஏழு கம்பங்கள். இன்றுவரை ஒன்றும் குறையவில்லை. ஒன்றின் பீடத்துக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

6 ஏப்ரல் 2025, ஞாயிறு

"மக்களும்தானே காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பேனர் வைக்கிறார்கள், தலைவர்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்" என்ற வாதம் மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. முதல் இரண்டு முறை எனக்கும் அது நியாயமாகப் பட்டது. என் மகளின் திரட்டிச் சீருக்கு (பூப்பு நீராட்டு விழாவுக்கு) நானே வைத்தவன், அனுமதி வாங்கவில்லை. மகள் படத்துக்குப் பக்கத்தில் என் மச்சான்கள் பதினோரு பேரின் தலைகள், அனைவரும் கைகூப்பியபடி. ஒருவர் மட்டும் கறுப்புக் கண்ணாடி. அழகாகத்தான் இருந்தது.

ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குக் கட்டினோம். பத்து மணிக்குள் பேரூராட்சி டிராக்டர் வந்து அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. நான் தடுக்கவில்லை, விதி விதிதான். அதே கம்பத்தின் மறுபக்கத்தில், அதே கயிற்றைப் பகிர்ந்துகொண்டு, ஒரு கட்சியின் பொதுக்கூட்டப் பேனர் இருந்தது. என்னுடையதைக் கழற்றும்போது அது சரிந்தது. டிராக்டரில் வந்தவர்கள் கீழே இறங்கி, அதை நேராக நிமிர்த்தி, என் பேனரிலிருந்து அவிழ்த்த கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் முடிந்தும் ஒன்பது நாள் அது அங்கே இருந்தது.

ஆகவே, மக்களும் மீறுகிறார்கள் என்பது உண்மை. மீறினால் என்ன ஆகும் என்பது மக்களுக்கு நான்கு மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது என்பதும் உண்மை.

20 ஏப்ரல் 2025, ஞாயிறு

கடைசியாக ஒன்று நடந்தது. அதை எழுதிவிட்டு நிறுத்துகிறேன்.

மார்ச் மாதத்திலிருந்து கடையில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அனுமதி எண் இல்லாமல் மெஷினில் ஏற்றுவதில்லை. அடியில் எண், நாள்கள், என் கடைப் பெயர் மூன்றும் அரை அடி உயரத்தில் போடுவேன். மூன்று வாரம் ஆர்டர் வரவில்லை. மனைவி நோட்டை மூடி வைத்துவிட்டாள். போன வாரம் ஓர் இளைஞரணிப் பொறுப்பாளர் வந்தார். நன்றாகப் படித்த பையன், பேச்சில் பணிவு. முறைப்படி விண்ணப்பித்து அனுமதிக் கடிதத்தையே கொண்டுவந்திருந்தார். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறு பேனர் கேட்டார். கடிதத்தில் ஒரு பேனருக்குத்தான் அனுமதி இருந்தது. "எண் ஒண்ணுதானுங்க அண்ணா, எல்லாத்துலயும் அதையே போட்டுருங்க" என்றார். ஒன்றுதான் அடிப்பேன் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மீதி ஐந்து எங்கே அடித்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், அந்தக் கடைக்காரனும் தவணை கட்டுகிறவன்.

மறுநாள் காலை அந்த வழியாகப் போனேன். ஆறும் நின்றன. என்னுடையது எது என்று முன்னாலிருந்து பார்த்தால் தெரியவில்லை, ஆறின் அடியிலும் ஒன்றுமே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டுச் சாக்கடையைத் தாண்டிப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்றாவது பேனரில், அடிப்பகுதி அரை அடியை ரீப்பர் கட்டையைச் சுற்றிப் பின்னால் மடித்து ஆணி அடித்திருந்தார்கள். அனுமதி எண் இருந்தது, நாள்கள் இருந்தன, என் கடைப் பெயரும் இருந்தது, தலைகீழாக, சுவரைப் பார்த்தபடி.